நடப்பவர் யார்? – 'உப்புப் பாதை' நூலை முன்வைத்துச் சில கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார்: "தோழர், இங்கிலாந்துல ஒரு அம்மா எழுதின தன்வரலாறு, இருபது லட்சம் பிரதிக்கு மேல வித்திருக்கு. அதுலயே பொய் இருக்குன்னு பேப்பர்ல எழுதுறான். அப்ப நாளைக்கு நம்ம ஆளுங்க எழுதினதையும் எடுத்து வச்சுக்கிட்டு, இதுக்கெல்லாம் ஆதாரம் என்னன்னு கேக்க மாட்டாங்களா?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஒருவர், "வெள்ளைக்காரி கதை நமக்கெதுக்கு, விடுப்பா" என்றார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. தன் வாழ்வையே சாட்சியாக வைத்து எழுதுவதை ஓர் அரசியல் நடவடிக்கையாகக் கொண்டிருக்கிற நாம் அந்தக் கேள்வியை அப்படி விட்டுவிட முடியாது. அதனால் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். படித்த பிறகு, பத்திரிகைக்காரன் கேட்ட கேள்வியைவிடப் பெரிய கேள்வி ஒன்று புத்தகத்துக்குள்ளேயே கிடக்கிறது என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'தி சால்ட் பாத்', அதாவது உப்புப் பாதை. எழுதியவர் ரேனர் வின். 2018இல் வந்தது. பரிசு வாங்கியது. 2024இல் படமாகி, 2025 மே மாதம் இங்கிலாந்துத் திரையரங்குகளுக்கு வந்தது. கதை இதுதான். ஐம்பது வயதைத் தொட்ட கணவனும் மனைவியும். வேல்ஸ் நாட்டில் அவர்களுக்கு ஒரு பண்ணை வீடு. நண்பரின் தொழிலில் பணம் போட்டு, வழக்காகி, நீதிமன்றத்தில் தோற்று வீடு போகிறது. அதே நாட்களில் கணவருக்குத் தீராத மூளை நோய் என்று மருத்துவர் சொல்கிறார். வீட்டைக் கைப்பற்ற வந்தவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். இவர்கள் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்து கிடக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்த அம்மாவின் கண்ணில் ஒரு பழைய நடைப்பயணப் புத்தகம் படுகிறது. சரி, நடப்போம் என்று கிளம்புகிறார்கள்.

நடந்த பாதை இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை. சாமர்செட்டில் மைன்ஹெட் என்ற ஊரில் தொடங்கி, டெவன், கார்ன்வால் கரைகளைச் சுற்றிக்கொண்டு, டார்செட்டில் பூல் துறைமுக வாயில் முடிகிற பாதை. 630 மைல், அதாவது 1014 கிலோமீட்டர். கடலோரம் என்றதும் நம் ஊர் மணல்வெளி மாதிரி நினைத்துவிட வேண்டாம். பாறைச் சரிவில் ஏறி, ஓடை வாயில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். மொத்தமாக ஏறும் உயரத்தைக் கூட்டினால் எவரெஸ்ட் சிகரத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வரும் என்பது கணக்கு. கையில் வாரத்துக்குச் சொற்ப அரசு உதவித்தொகை, முதுகில் கூடாரம், நூடுல்ஸ் பொட்டலம். இப்படி இரண்டு ஆண்டுகளில் இரண்டு கட்டமாக நடக்கிறார்கள்.

இந்தப் புத்தகத்தின் ஆகச்சிறந்த இடம், எல்லோரும் மெச்சுகிற கடல் வருணனை இல்லை. வழியில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்கிற ஒரு கேள்விதான். இந்த வயசுல இவ்வளவு நாள் எப்படி நடக்க முடியுது, வீடு வாசல் இல்லையா என்று கேட்கிறார்கள். முதலில் இவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். வீடு போய்விட்டது, போக்கிடம் இல்லை. சொன்ன மாத்திரத்தில் கேட்டவர் முகம் மாறுகிறது. நாயை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள், பிள்ளையைத் தள்ளி நிறுத்துகிறார்கள், பேச்சை முடித்துக்கொண்டு நகர்கிறார்கள். கொஞ்ச நாளில் இவர்கள் பதிலை மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டோம், ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டோம் என்கிறார்கள். உடனே எதிராளி முகம் மலர்கிறது. அடடா, இந்த வயதில் என்ன துணிச்சல், நாங்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்கிறார்கள். அதே அழுக்குச் சட்டை, அதே மூட்டை, அதே நாற்றம். ஒரு சொல்லில் மனிதர் மாறிவிடுகிறார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சைமன் ஆர்மிடேஜ் என்ற புகழ்பெற்ற கவிஞர் அதே 2013 கோடையில் அதே பாதையில் நடந்துகொண்டிருந்தார். ஊர் ஊராகக் கவிதை வாசித்து, அதற்கு ஈடாகச் சாப்பாடும் படுக்கையும் பெற்றுக்கொண்டு போகிற பயணம். 2015இல் அவரும் அதைப் புத்தகமாக எழுதினார். வழியில் சிலர் ரேனர் வின்னின் கணவரை அந்தக் கவிஞர் என்று நினைத்து உபசரிக்கிறார்கள். வீடற்றவன் வந்தால் விலகுகிற ஊர், கவிஞன் வந்தால் விருந்து வைக்கிறது. நடக்கிற கால் ஒன்றுதான். நடக்கிறவன் யார் என்பதை வைத்து அந்த நடைக்குப் பெயர் வைக்கிறார்கள். ஒருவன் நடந்தால் பயணம், இன்னொருவன் நடந்தால் திரிவது.

நமக்கு இது புதுசா என்ன? 'யாருப்பா நீ, எந்த ஊரு, ஊருல எந்தத் தெரு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. தெருப் பெயரை மாற்றிச் சொன்னால் குடிக்கச் செம்பில் தண்ணீர் வரும், மாற்றாமல் சொன்னால் திண்ணையிலிருந்து எழுந்திருக்கச் சொல்வார்கள் என்பது நம் சனத்துக்குச் சின்ன வயசிலேயே தெரியும். ஆகவே அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குக் கார்ன்வால் கடற்கரை நினைவுக்கு வரவில்லை. பாபாசாகேப் அம்பேத்கர்தான் நினைவுக்கு வந்தார்.

1930களின் நடுவில் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு தன்வரலாற்றுக் குறிப்பை எழுதி வைத்தார். 1990இல் மக்கள் கல்விக் கழகம் அதைத் தனி நூலாக அச்சிட்டது. அதில் பாதிக்கு மேல் பயணக் கதைகள்தான். 1901இல் சிறுவன் அம்பேத்கர் தன் அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போகிறார். மசூர் ரயிலடியில் இறங்குகிறார்கள். நல்ல உடுப்பு உடுத்தியிருக்கிற பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். மகர் என்று சொன்னதும் அவர் முகம் மாறிப்போகிறது. எந்த வண்டிக்காரனும் வரமாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவன் சம்மதிக்கிறான். ஆனால் பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், அவன் கூடவே நடந்து வருவான். தீட்டுப் பட்டுவிடாமல் இருக்க ஒருவன் தன் சொந்த வண்டிக்குப் பக்கத்தில் நடக்கிறான். நடைக்கும்கூடச் சாதி உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இரவு சுங்கச் சாவடியில் தண்ணீருக்குத் தவிக்கும்போது, முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லுங்கள் என்று வண்டிக்காரன் சொல்லிக் கொடுக்கிறான். அந்தச் சிறுவனும் அப்படியே சொல்கிறான். அப்படியும் தண்ணீர் கிடைக்கவில்லை. பட்டினியோடு படுக்கிறார்கள்.

1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்குகிறார். பதினோராம் நாள் கையில் தடியோடு ஒரு கும்பல் வந்து நிற்கிறது. மூட்டையைக் கட்ட வேண்டியதாகிறது.

இந்த இரண்டு இடத்திலும் அம்பேத்கர் பொய் சொல்கிறார். சொன்னதை மறைக்காமல் எழுதுகிறார். நான் முஸ்லிம் என்று சொன்னேன், நான் பார்சி என்று எழுதினேன் என்று தானே எழுதிவைக்கிறார். அந்தப் பொய்க்கு அவர் வெட்கப்படவும் இல்லை, அதைச் சாமர்த்தியமாகக் காட்டவும் இல்லை. தண்ணீர் குடிக்க ஒரு பொய் தேவைப்படுகிற சமூகத்தை நமக்குக் காட்டுகிறார். பொய்யே அங்கே சாட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ரேனர் வின்னும் அந்த எல்லை வரை வந்து தொட்டிருக்கிறார். வீட்டை விற்றுவிட்டோம் என்று சொன்ன பொய்யைப் பற்றி அவரும் எழுதியிருக்கிறார். அதனால்தான் அந்தப் பக்கங்கள் உயிரோடு இருக்கின்றன.

ஆனால் ஒரு வித்தியாசம். இந்தத் தம்பதியின் பொய் பலித்தது. ஏன் பலித்தது என்று புத்தகம் யோசிக்கவில்லை. வெள்ளைத் தோலும், படித்தவர் பேச்சும், முதுகில் இருந்த மலையேறிகளின் பையும் சேர்ந்து அந்தப் பொய்யை நம்ப வைத்தன. கயானாவில் பிறந்த கறுப்பினப் புகைப்படக் கலைஞர் இங்க்ரிட் பொல்லார்ட் 1980களின் கடைசியில் 'பாஸ்டரல் இன்டர்லூட்' என்ற படவரிசை செய்தார். ஆங்கிலேயக் கிராமப்புறத்தின் அழகான வெளியில் ஒரு கறுப்புப் பெண் இருக்கிறாள். அவ்வளவுதான் படம். கீழே எழுதியிருக்கிற வரிகளோ அங்கே அவளுக்கிருக்கும் அச்சத்தையும் அந்நியத்தையும் சொல்கின்றன. எந்தப் பொய் சொன்னாலும் மறைக்க முடியாத உடம்போடு அந்த வெளியில் நடப்பது எப்படி இருக்கும் என்று அந்தப் படங்கள் கேட்டுவிட்டன. முப்பது வருஷம் கழித்து வந்த 'உப்புப் பாதை' அந்தக் கேள்வி இருக்கிற பக்கமே திரும்பவில்லை.

அடுத்த குறை இதைவிடப் பெரிது. புத்தகம் போகப் போக, கடலும் காற்றும் உப்பும் இந்த இருவரையும் குணப்படுத்துகின்றன என்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. வீட்டைப் பறித்த உலகம் பின்னால் போய்விடுகிறது. இயற்கை அம்மா மடியில் போட்டு ஆற்றுகிறாள். வாசகருக்கும் இதுதான் பிடித்துப்போனது. ஆனால் அவர்கள் காலுக்குக் கீழே இருந்த பாதை இயற்கை போட்டதா?

அந்தப் பாதையைக் கரைக் காவலர்கள் போட்டார்கள். வரி கட்டாமல் சாராயமும் தேயிலையும் கரையில் இறக்குகிறவர்களைப் பிடிக்க, ஒவ்வொரு குடாவிலும் எட்டிப் பார்த்தபடி ரோந்து போக வேண்டியிருந்தது. அதனால்தான் பாதை கடல் விளிம்பை விடாமல் ஒட்டிப் போகிறது. பயணி கண் குளிரப் பார்க்கிற அந்தக் காட்சி, ஏழை மீனவனையும் கடத்தல்காரனையும் வேவு பார்க்க அரசு அமைத்த கண். 1822இல் அந்தக் காவல்படை ஒன்றாகத் திரட்டப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1824இல், இங்கிலாந்தில் நாடோடித்தனத் தடுப்புச் சட்டம் வந்தது. போக்கிடம் இல்லாமல் வெட்டவெளியில் படுத்தால் குற்றம். 2022இல் அதை நீக்க நாடாளுமன்றம் முடிவெடுத்த பிறகும், அந்த நீக்கம் அமலுக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. இந்தப் புத்தகத்தின் நாயகர்கள் கூடாரம் போட்டுத் தூங்கிய 2013இல் அந்தச் சட்டம் உயிரோடுதான் இருந்தது. ஆற்றங்கரையில் கூடாரம் போட்டால் சாகசம், கடைவாசலில் படுத்தால் குற்றம். அதே ஏகாதிபத்தியம்தான் 1871இல் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஊர் விட்டு ஊர் நடக்கச் சீட்டு வாங்கச் சொன்னது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

சரி, வேவுப் பாதை எப்படி எல்லோரும் நடக்கிற பாதையானது? தானாக ஆகவில்லை. இங்கிலாந்தில் மலையும் மேய்ச்சல் வெளியும் பெருநிலக்காரர்கள் கையில் இருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில், தடையை மீறி நூற்றுக்கணக்கான ஆலைத் தொழிலாளர்களும் இளைஞர்களும் கூட்டமாக ஏறினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் பென்னி ராத்மேன் என்ற யூத இனத்து இளம் தொழிலாளி, கம்யூனிஸ்ட். ஐந்து பேருக்குச் சிறை. நடந்ததற்காகச் சிறை! இப்படிப்பட்ட போராட்டங்களின் நெடுங்காலத் தொடர்ச்சியாகத்தான் 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புற அனுமதிக்குமான சட்டம் வந்தது. நெடுந்தூர நடைபாதைகளுக்கு வழி பிறந்தது. தென்மேற்குக் கடலோரப் பாதையின் கார்ன்வால் பகுதி 1973இல் திறக்கப்பட்டது. 1978இல் பாதை முழுமையானது. 2009இல் வந்த இன்னொரு சட்டம் இங்கிலாந்தின் கடற்கரை முழுக்க நடைபாதை அமைக்க வழி செய்தது.

நடக்கும் உரிமையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது நம் வரலாறும்கூட. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கப் போராட வேண்டியிருந்தது. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் தெருவிலும் யார் நடக்கவும் தடையில்லை என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. சாலையில் நடக்கலாம் என்று ஒரு தீர்மானம்! பாதை என்றதும் ஆன்ம அமைதி நினைவுக்கு வருகிறவர்களுக்கும், தீர்மானம் நினைவுக்கு வருகிறவர்களுக்கும் நடுவில் இருக்கிற தூரம் 630 மைலைவிட அதிகம்.

பாதையில் வேலை செய்து செத்தவர்களும் இந்த வகை எழுத்தில் காட்சியாகிவிடுகிறார்கள். கார்ன்வால் கரையில் செங்குத்துப் பாறை மேல் இடிந்த இயந்திர வீடுகள் நிற்கின்றன. தகரச் சுரங்கங்கள் இருந்த இடம். அஸ்தமனத்தில் படம் எடுக்க அழகாக இருக்கும். அவற்றில் லெவன்ட் என்ற சுரங்கத்தில் 1919 அக்டோபர் 20 அன்று ஆட்களை மேலே ஏற்றி இறக்குகிற பொறி அறுந்து விழுந்து 31 பேர் செத்தார்கள். மேலே, தாதுக் கல்லைச் சுத்தியலால் உடைத்த வேலையைப் பெண்களும் சிறுமிகளும் செய்தார்கள். இன்றைய கதையும் வேறில்லை. அதே பாதை போகிற செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரில், வசதியானவர்கள் விடுமுறைக்கென்று வீடு வாங்கிப் பூட்டிப் போட்டதில் உள்ளூர்க்காரனுக்கு வீடு எட்டாமல் போனது. 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, இனிக் கட்டுகிற வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வாக்களித்தார்கள். வீடிழந்த இருவர் நடக்கிற கதையில், அந்தக் கரை மக்களே வீடிழக்கிற கதைதான் நடுநாயகமாக இருந்திருக்க வேண்டும். ஆங்காங்கே தொட்டுவிட்டுப் புத்தகம் கடலைப் பார்க்கப் போய்விடுகிறது.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். 2025 ஜூலையில் லண்டனின் 'அப்சர்வர்' ஏடு ஒரு விசாரணைக் கட்டுரை வெளியிட்டது. வீடு போனதற்கு நூல் சொல்லும் காரணத்தையும், நோய் பற்றிய விவரிப்பையும் கேள்விக்குள்ளாக்கியது. நூலாசிரியர் மறுத்தார். அந்தக் கட்டுரை ஆட்களைத் தவறான பக்கம் திருப்புவது என்றார். நோய் தொடர்பான மருத்துவக் கடிதங்களை வெளியிட்டார். அவருடைய நான்காவது புத்தகத்தைப் பதிப்பகம் தள்ளி வைத்தது. யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அந்தக் கூச்சலைக் கவனித்தால் ஒன்று புரியும். வாசகர்களில் பலர் கோபப்பட்டது, 'நாங்கள் அழுத அழுகை வீணாகிவிட்டதே' என்பதற்காக. எந்தத் தவறும் செய்யாமல் எல்லாவற்றையும் இழந்த ஒரு நல்ல ஏழை அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஏழை பரிசுத்தமாக இருந்தால்தான் இரக்கம். கறை தெரிந்தால் இரக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

இங்கேதான் நமக்கு எச்சரிக்கை இருக்கிறது. இரக்கத்தை நம்பி எழுதுகிற சாட்சியம் இரக்கம் போனால் விழுந்துவிடும். ஒரே மனிதரின் துயரத்தையும் ஒரே மனிதரின் மீட்பையும் மட்டும் தூணாக வைத்துக் கட்டிய கதையில், அந்தத் தூணில் விரிசல் விட்டால் வீடற்றவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம் விழும். நாளைக்குத் தெருவில் ஒருவன் வீடு போச்சு என்று சொன்னால், 'நீயும் கதை விடுறியா' என்று கேட்பார்கள். அந்த நஷ்டம் லட்சக்கணக்கில் விற்ற ஆசிரியருக்கு இல்லை, புத்தகமே எழுத முடியாதவனுக்கு.

அதற்காக, 'எல்லாத் தன்வரலாறும் புனைவுதானே, பிரதிக்கு வெளியே உண்மை ஏது?' என்று சில நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தண்ணீர் தர மறுத்த சுங்கச் சாவடி பிரதிக்கு வெளியேதான் இருந்தது. தடியோடு வந்த கும்பலும் அப்படித்தான். நடந்தது நடந்ததுதான் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் நம் எழுத்து நிற்கிறது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இது இலக்கியமா என்று கேட்டவர்கள் உண்டு. அது சொன்னது ஒரு சனத்துக்கே தெரிந்த உண்மையாக இருந்ததால் அந்தக் கேள்வி தானாக உதிர்ந்தது. ஒரு ஆள் சொன்னதை ஒரு தெருவே சாட்சி சொல்லும். நமக்கு அதுதான் ஆதாரம். வேறு ஆதாரம் கேட்டாலும் கொடுப்போம், ஊர்ப் பெயரோடு, ஆண்டோடு, யார் யார் நின்றார்கள் என்ற கணக்கோடு. அம்பேத்கர் அப்படித்தான் எழுதினார். ரயிலடியின் பெயர் உண்டு, வாடகைக் கணக்கு உண்டு, தான் சொன்ன பொய்யும் உண்டு.

ஆகவே அந்த மாணவருக்கு நான் சொல்வது இது. கேப்பாங்க தம்பி, கட்டாயம் கேப்பாங்க. கேட்கட்டும். நீ எழுதும்போது உன்னைச் சுத்தமானவனாகக் காட்ட மெனக்கெடாதே. நீ சொன்ன பொய்யையும் எழுது, அதை யார் முன்னால், எதற்காகச் சொன்னாய் என்றும் எழுது. உன் காலுக்குக் கீழே இருக்கிற பாதையை யார் போட்டார்கள், யார் மறித்தார்கள், யார் அடிபட்டுத் திறந்தார்கள் என்று எழுது. 'உப்புப் பாதை'யைப் படி. முகம் மாறுகிற அந்தப் பக்கங்களை இரண்டு தடவை படி. அதன் பிறகு கடலைப் பற்றி வருகிற இடத்தில், அந்த முகங்கள் எங்கே போயின என்று கேள்.